அத்தையுடன் ஐந்து நாள்: பூம்புகார் முதல் கோடியக்கரை வரை

டிசம்பர் 23, செவ்வாய். பூம்புகார்

பெரியப்பா மகன் அண்ணனுக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் நாளை மணிவிழா. கோவையிலிருந்து அவ்வளவு தூரம் போகிறோமே, அப்படியே கடலோரமாகக் கோடியக்கரை வரை இறங்கிவிட்டு வரலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். தனியாகத்தான் போவதாக இருந்தது. "எனக்கும் சேர்த்து ரூம் சொல்லிவிடு கண்ணு" என்று அத்தை சொன்ன நிமிடத்தில் திட்டம் அவர் கைக்குப் போய்விட்டது.

அத்தைக்கு 72 வயது. மார்கழியில் அசைவம் தொடமாட்டார். முழங்கால் வலி உண்டு. கோயில் என்றால் அந்த வலி எங்கே போகுமோ தெரியாது, கோட்டை என்றால் வாசலிலேயே வந்துவிடும். போகிற இடத்திலெல்லாம் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, கீழே ஒரு வரி எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் அவருக்கு அந்த ஊர் பார்த்து முடிந்ததாகக் கணக்கு.

மயிலாடுதுறையிலிருந்து வருகிற வழியில் கீழையூரில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். 1960களில் தோண்டியபோது படகுத் துறையின் செங்கல் கட்டுமானம் வெளிப்பட்ட ஊர் அது. சங்க காலத்தில் படகுகளைக் கட்டி நிறுத்திய இடம். அத்தை ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. "செங்கல் நம் ஊர்ச் சூளையிலேயே இருக்கிறதே" என்றார்.

பூம்புகாரில் இறங்கியபோது மாலை ஐந்தரை ஆகிவிட்டது. மேலே தூறல், கீழே சேறு. சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் ஏழு நிலை மாடத்தை வெளியில் நின்றே பார்த்தோம். 1973இல் கட்டியது. அத்தை அதைக் கோவலன் வீடு என்று குழுவில் எழுதிவிட்டார். நான் திருத்துவதற்குள் 14 பேர் கை கூப்பிவிட்டார்கள்.

காவிரி கடலில் கலக்கும் காட்சியைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே மனத்தில் பெரிதாக வரைந்து வைத்திருந்தேன். முசிறி, குளித்தலைப் பக்கம் அகண்ட காவிரியைப் பார்த்தவர்கள் அந்தப் படத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். ஆறு வருகிறது, மெலிந்து வருகிறது, சத்தமில்லாமல் போய்விடுகிறது. கரையில் சுண்டல் விற்றவரிடம் பழைய பட்டினம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். பொட்டலம் மடித்த கையாலேயே கடலைக் காட்டினார். "அங்கேதான் இருந்தது."

"இருந்ததைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அத்தை. சுண்டல் 20 ரூபாய். மாங்காய் போட்டிருந்தார், உப்புப் போட மறந்துவிட்டார்.

டிசம்பர் 24, புதன். திருக்கடையூர், தரங்கம்பாடி

திருக்கடையூரில் காலை ஆறு மணிக்கே ஹோமப் புகையில் கண் எரிந்தது. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த இடம் என்பதால் ஆயுளுக்கு வேண்டுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் வருகிறார்கள். அறுபதுக்கு ஒரு ஜோடி, எழுபதுக்கு ஒரு ஜோடி, எண்பதுக்கு ஒரு ஜோடி என்று பிராகாரம் முழுக்க வயதான மணமக்கள். ஒரு குடும்பத்தின் புகைப்படத்தில் அடுத்த குடும்பத்தின் சித்தப்பா நிற்கிறார். அண்ணன் தலையில் ஊற்ற வேண்டிய கலச நீரில் பாதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரியவர் மேல் போயிற்று. அவர் துடைத்துக்கொண்டே, "பரவாயில்லை, எனக்கு இரண்டு வருஷம் கூடியிருக்கும்" என்றார். அண்ணி மறுபடியும் தாலி கட்டிக்கொண்டபோது அழுதார். அண்ணன் அவரைவிட அதிகம் அழுதார்.

சாப்பிட்டுவிட்டுத் தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். எட்டுக் கிலோமீட்டர்தான். வெள்ளையடித்த நுழைவாயிலில் 1792 என்று ஆண்டு தெரிகிறது. அதைத் தாண்டியதும் தமிழ்நாட்டுத் தெருச் சத்தம் சட்டென்று அடங்கிவிடுகிறது. அகலமான ராஜ வீதி, இரண்டு பக்கமும் தடித்த சுவர் வீடுகள், தேவாலயங்கள், கோடியில் கடல்.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டியது டேன்ஸ்போர்க் கோட்டை. ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகை என்று சொல்வார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனுக்குப் போய்விட்டது. 1845இல் வியாபாரம் நொடித்துப்போய், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அத்தையிடம் இந்த வாடகைக் கணக்கைச் சொன்னதும் முழங்கால் வலி குறைந்தது. "அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினாராம்?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார்.

கீழே இருண்ட வளைவு அறைகள். கிடங்கு, சிறை, வீரர்கள் தங்கிய இடம். 1706 ஜூலை 9ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை, அவரை அனுப்பிவைத்த டென்மார்க் ராஜாவின் அதிகாரியே நான்கு மாதம் இந்தக் கோட்டையில் பூட்டி வைத்தார். வெளியே வந்து அவர் செய்த வேலை ஊரறிந்தது. தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாரில் ஒரு பட்டறையே வைத்தார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். எங்கள் அறை பொறையாரில், 1,200 ரூபாய். கொசு இலவசம்.

இரவு புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போனோம். கிறிஸ்துமஸ் முந்தின இரவு. அத்தை வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை; பட்டுச்சேலையை மாற்றாமலே வந்தார். 1718இல் கட்டிய ஆலயம் இது. அடுத்த ஆண்டே 36 வயதில் இறந்துபோன சீகன்பால்குவை உள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். "புதிய எருசலேம் என்றால் பழையது எங்கே?" என்று அத்தை பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் கிசுகிசுத்தார். அவர் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், கடல் பக்கம் கையைக் காட்டினார். 1707இல் கட்டிய பழைய ஆலயம் கடலோடு போய்விட்டதாம். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வெளியே வந்தபோது அந்தப் பெண்மணி, முன்பின் தெரியாத எங்கள் இருவர் கையிலும் கேக் துண்டைத் திணித்துவிட்டுப் போனார். முட்டை போட்டிருப்பார்களோ என்று அத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு, "இருட்டில் தெரியவில்லை" என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டார்.

டிசம்பர் 25, வியாழன். காரைக்கால், நாகூர்

விடியற்காலையில் மறுபடியும் தரங்கம்பாடிக் கரை. மாசிலாமணிநாதர் கோயில் அலையின் வாயிலேயே நிற்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மிஞ்சியதைக் காப்பாற்றக் கல் கொட்டியிருக்கிறார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், தன் தாத்தா காலத்தில் மண்டபம் எதுவரை இருந்தது என்று காட்டினார். எங்கே காட்டினார் என்று எழுத வேண்டியதில்லை.

காரைக்காலுக்கு ஆட்டோ 500 ரூபாய். மாநில எல்லை தாண்டியதும் ஓட்டுநர் முதல் வேலையாக பெட்ரோல் பங்குக்குள் திருப்பினார். இங்கே விலை குறைவு. "இரண்டு நிமிடம் அம்மா" என்றவர், வரிசையில் இருபது நிமிடம் நின்றார். போக்குவரத்துக் காவலரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்த அத்தை, பேண்டு வாத்தியக்காரர் என்று நினைத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் போய்விட்டார்கள், தொப்பி போகவில்லை.

அம்மையார் கோயிலில் அத்தைக்கு மிகவும் பிடித்த விஷயம், அறுபத்துமூவரில் காரைக்கால் அம்மையார் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது. "தலையாலேயே கயிலாயம் ஏறியவர் உட்காரட்டும்" என்றார். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைச் சிவனடியாருக்கு இலையில் போட்டதால் வந்த கதை. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்களாம். நாங்கள் வந்தது மார்கழியில். கடைத்தெருவில் மாம்பழச் சாற்றுப் புட்டிதான் கிடைத்தது. அத்தை அதை வாங்கி, கோபுரத்துக்கு முன்னால் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

நாகூருக்கு மாலையில் போனது எங்கள் அதிர்ஷ்டமா, அவஸ்தையா என்று தெரியவில்லை. வியாழன் இரவு தர்காவுக்கு விசேஷம். அதோடு பள்ளி விடுமுறை. அலங்கார வாசலிலிருந்து உள்ளே போகவே முக்கால் மணி நேரம். ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி, அதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். உள்ளே நெற்றியில் குங்குமத்தோடு நின்ற கூட்டமே பாதி இருக்கும். மயிற்பீலியால் தலையைத் தடவி ஓதுகிறார்கள். குளக்கரையில் குழந்தைகளுக்கு மொட்டை போடுகிறார்கள். அதே நெரிசலில் ஒருவர் கூண்டிலிருந்து புறா விற்கிறார். தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கருக்கு வந்த தீராத நோய்க்குக் காரணம் ஊசி குத்திய ஒரு புறா என்று கண்டுபிடித்து, ஊசிகளை நீக்கி நோய் தீர்த்தார் ஷாஹுல் ஹமீது ஆண்டவர் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் கதை. அதனால் நேர்ந்துகொண்டு புறா விடுகிறார்கள். அத்தை 100 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கிப் பறக்க விட்டார். அது எதிர்க் கடைக் கூரைவரை போய் உட்கார்ந்து எங்களையே பார்த்தது. "முழங்காலுக்கு வேண்டிக்கொண்டேன், அதற்கும் முழங்கால் வலி போலிருக்கிறது" என்றார்.

கூட்டத்தில் அத்தையின் இடது செருப்பு காணாமல் போயிற்று. வலது செருப்பு பத்திரமாக இருந்தது. வாசலில் ரப்பர் செருப்புச் சோடி 150 ரூபாய்.

சாப்பாட்டுக்கு வருவோம். நாகூர் வாடா. அரிசி மாவில் தட்டி, நடுவில் வெங்காயம் வைத்து, மேலே முழு இறால் ஒன்றைப் பதித்துப் பொரித்துப் போடுகிறார்கள். ஒன்று 20 ரூபாய். ஓரம் மொறுமொறுவென்று, நடுப்பகுதி மெத்தென்று. வடையில் துளை போட்டவருக்கு இறாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். நான்கு தின்றேன். கடைக்காரப் பெரியவர் அத்தை தின்னாததைக் கவனித்துக்கொண்டே இருந்தார். விரதமா என்று கேட்டார். ஆமாம் என்றதும், வேறு சட்டியில் புது எண்ணெய் ஊற்றி, இறால் இல்லாமல் இரண்டு போட்டுக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். இந்தப் பயணத்தில் நான் மறக்கமாட்டேன் என்று நினைப்பது அந்த 131 அடி மினாராவை அல்ல, அந்த இரண்டாவது சட்டியை.

டிசம்பர் 26, வெள்ளி. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி

இன்று என்ன நாள் என்பதைத் திட்டம் போடும்போது நான் யோசிக்கவே இல்லை. காலை ஏழு மணிக்குக் கடற்கரைக்குப் போனபோதுதான் தெரிந்தது. படகு ஒன்றுகூடக் கடலுக்குள் போகவில்லை. குடம் குடமாகப் பால், கூடை கூடையாகப் பூ. பெண்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் இறந்தார்கள்.

நாங்கள் ஓரமாக நின்றோம். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், பாலை ஊற்றிவிட்டு, ஈரச் சேலையோடு எங்களைக் கடக்கும்போது நின்றார். தட்டில் மீதமிருந்த சாமந்தியில் ஒரு கைப்பிடி எடுத்து அத்தையிடம் நீட்டினார். "நீங்களும் போடுங்கள் அம்மா." அத்தை ரப்பர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிப் போட்டார். அலை அதைத் திரும்பக் கொண்டுவந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் போட்டார்.

கைப்பேசியை எடுக்கவில்லை. குழுவில் அன்று மதியம்வரை ஒன்றும் வராததால் என் தம்பி பயந்துபோய் அழைத்தான்.

காயாரோகணேஸ்வரர் கோயிலில் அத்தை வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தேவாரம் கடல் நாகைக் காரோணம் என்று பாடிய கோயில். அதிபத்த நாயனாரின் ஊர் இது. மீனவர். வலையில் விழும் மீனில் ஒன்றைத் தினமும் சிவனுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார். நாள் முழுக்க ஒற்றை மீனே கிடைத்த நாள்களிலும் விட்டார்; அந்த ஒன்று பொன் மீனாக வந்த நாளிலும் விட்டார். இந்தக் கதையை நான் முன்பே படித்திருக்கிறேன். காலையில் அந்தக் கரையில் நின்றுவிட்டு வந்து கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

எனக்கு நாகையில் பார்க்க வேண்டியது சூடாமணி விகாரம் இருந்த இடம். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய பௌத்தப் பள்ளி. அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைச் சோழன் கொடுத்ததைச் சொல்லும் 21 செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய் லெய்டன் செப்பேடு என்று பெயர் வாங்கிவிட்டன. கடைசிவரை நின்ற ஒரு கோபுரத்தை ஊர்க்காரர்கள் புதுவெளிக் கோபுரம் என்றார்கள், வெள்ளைக்காரர்கள் சீனப் பகோடா என்றார்கள். கல்லூரி கட்டும் வேலைக்காக 1867இல் பாதிரியார்கள் அதை இடித்தார்கள். பிறகு அந்தக் கல்லூரியும் திருச்சிக்குப் போய்விட்டது. மண்ணில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கும் மேல். பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

வெளிப்பாளையத்தில் டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். அரசு அலுவலகக் கட்டடங்கள் பக்கம் தலையை ஆட்டினார். முன்னால் பத்துப் பதினைந்து இருசக்கர வாகனங்கள், ஒரு ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதுகிறவரின் மேசை. கடல் மட்டும்தான் கொண்டுபோகிறது என்று நான் நினைத்திருந்தேன். "அங்கேதானே இருந்தது?" என்று டீக்கடைக்காரரை முந்திக்கொண்டு அத்தையே கேட்டார்.

மதியச் சாப்பாட்டில் மீன் இல்லை. கேட்டதற்குப் பரிமாறியவர், "இன்றைக்கு யாரும் போகவில்லை" என்று மட்டும் சொன்னார். நான் ஏன் கேட்டேன் என்று இருந்தது.

வேளாங்கண்ணியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தவறு ஊருடையது அல்ல. 900 ரூபாய்க்கு முன்பதிவு செய்திருந்த விடுதியில், எங்கள் பெயரே பதிவேட்டில் இல்லை என்றார்கள். அடுத்த விடுதியில் அதே மாதிரி அறைக்கு 2,800. பேரம் பேச அத்தைக்கும் தெம்பு இல்லை. பேராலயத்தில் மெழுகில் செய்த கால் ஒன்றை வாங்கிக் காணிக்கை வைத்தார். இரண்டு நாளில் முழங்காலுக்கு இரண்டாவது விண்ணப்பம்.

டிசம்பர் 27, சனி. வேதாரண்யம், கோடியக்கரை

இரவெல்லாம் மழை. வேதாரண்யத்துக்கு வந்த பஸ்ஸில் என் தலைக்கு மேல் மட்டும் ஒழுகியது.

திருமறைக்காட்டுக் கோயிலில் வேதங்கள் பூட்டிவிட்டுப் போன கதவைத் திறக்க அப்பர் பதினொரு பாட்டுப் பாட வேண்டியிருந்தது. மூட, சம்பந்தருக்கு ஒரே பாட்டுப் போதும். "திறப்பதுதான் எப்போதும் கஷ்டம், எங்கள் வீட்டுப் பீரோவைப் பார்" என்று அத்தை அப்பர் பக்கம் நின்றார். அம்பாளின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அந்தக் குரலைக் கேட்டதால் இந்தக் கோயில் சரஸ்வதி கையில் வீணை இல்லை, சுவடிதான் இருக்கிறது. திரியைத் தூண்டிய எலி மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்ததும் இங்கேதான். வேதாரண்யம் விளக்கழகு என்று சும்மா சொல்லவில்லை.

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து சுமார் நூறு பேரோடு நடக்கத் தொடங்கிய ராஜாஜி, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி இங்கே உப்பு அள்ளிக் கைதானார். வழியில் இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தண்டோரா போட்டிருந்தார். கொடுத்தவர் பெயர் தெரிந்தால்தானே சிறை? ஊர்க்காரர்கள் பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, பாதி சவரத்தில் எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் மீதியைச் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார். மகாத்மாவின் தண்டி யாத்திரையைப் பாடத்தில் படித்த எனக்கு இந்தப் பாதிச் சவரத்தை யாரும் சொல்லித்தரவில்லை.

உப்பளம் பார்க்க ஆசையாக வந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். மழை நின்று தைமாதத்துக்குப் பிறகுதான் பாத்தி கட்டுவார்களாம். போன பருவத்து உப்பு அம்பாரங்கள் ஓலை போர்த்திக்கொண்டு தூங்கின.

கோடியக்கரைச் சாலையில் ஆட்டோ சேற்றில் இறங்கிவிட்டது. ஓட்டுநரும் நானும் தள்ள, அத்தை உள்ளே உட்கார்ந்தபடி வழி சொன்னார். 1967இலிருந்து இது சரணாலயம். தூறலில் வெளிமான் கூட்டம் ஒன்று, முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் முன்னால் நிற்க, எங்கள் போராட்டத்தை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் இரண்டு சாலையைக் கடந்தன. தொலைவில் நீர்ப்பரப்பின் விளிம்பில் வெளிர்ச் சிவப்பாக ஒரு கோடு; பூநாரைகள் என்றார் ஓட்டுநர். நம்பினேன்.

கடைசியாகச் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம். கரையில் செங்கல் சிதைவுதான் இருக்கிறது. மிஞ்சி நின்றதையும் 2004 அலை சாய்த்துவிட்டது. எனக்கு முன்னால் அத்தை சேற்றில் கால் பதித்துப் பதித்து அங்கே போய்விட்டார். கோட்டைக்கு வரும் வலி இதற்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கைப்பேசியைத் தூக்கி, செங்கல்லை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருந்த வெறும் வானத்தைப் படம் எடுத்தார். "கலங்கரை விளக்கம்" என்று எழுதிக் குழுவில் போட்டார்.

அரை நிமிடத்தில் என் தம்பியிடமிருந்து பதில் வந்தது. "எங்கே அத்தை? ஒன்றும் காணோமே?"

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினார். "இங்கேதான் இருந்தது."